எல்லாருக்கும் பூட்டு, சிலருக்குத் திறப்பு: குரூப் பொலிசியிலிருந்து ஆட்களை விலக்கும் வழி

நான் வேலை செய்யும் விடுதி திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் இருக்கிறது. கணினிகள் 34. முன்மேசையில் ஆறு, கணக்குப் பிரிவில் ஐந்து, களஞ்சியத்தில் இரண்டு, படகுப் பயணம் பதியும் மேசையில் ஒன்று, மிச்சம் அங்குமிங்குமாக. களஞ்சியத்துக்குப் பின்னால் உள்ள சிறிய அறையில், உப்புக் காற்று புகாமல் அடைத்து, இரண்டு டொமைன் சேர்வர்களை வைத்திருக்கிறேன். விடுதியின் கணினிகளையும் ஊழியர் கணக்குகளையும் ஒரே இடத்திலிருந்து ஆளும் ஏற்பாடுதான் டொமைன். அவற்றுக்குப் பொறுப்பு நான் ஒருவன்தான். பிரிண்டரில் தாள் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், அது வேறு கதை.

ஒரு முறை யாரோ கொண்டுவந்த பென் டிரைவில் வைரஸ் புகுந்து முன்மேசை ஒரு நாள் முழுவதும் கையால் பற்றுச்சீட்டு எழுதியது. அதற்குப் பிறகு நிர்வாகம் நான்கு கட்டளைகள் போட்டது. பென் டிரைவ் யாருக்கும் கிடையாது. பத்து நிமிடம் தொடாவிட்டால் திரை தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். கன்ட்ரோல் பனலை யாரும் திறக்கக் கூடாது. எல்லாத் திரையிலும் விடுதியின் படமே இருக்க வேண்டும். அக்டிவ் டைரக்டரி (டொமைனின் கணக்குகளையும் கணினிகளையும் பதிந்துவைக்கும் மைக்ரோசொப்ட் ஏற்பாடு) வைத்திருப்பவருக்கு இது குரூப் பொலிசியில், அதாவது அந்தக் கணினிகளுக்கும் கணக்குகளுக்கும் மொத்தமாக விதி போடும் வசதியில், அரை நாள் வேலை. மாலைக்குள் முடித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அறை வாசலில் மூன்று பேர் நின்றார்கள்.

கணக்காளர் அக்காவுக்குப் பென் டிரைவ் வேண்டும். ஊழியர் வாசலில் உள்ள கைரேகை இயந்திரம் எந்த வலையமைப்பிலும் இல்லை. மாத வரவைப் பென் டிரைவில்தான் எடுத்துவந்து சம்பளம் போட வேண்டும். படகு மேசைத் தம்பிக்கும் அதுவே வேண்டும். புறாத்தீவில் நீருக்கடியில் எடுத்த படங்கள் கமெராவின் மெமரி கார்டில் வருகின்றன, அவற்றை விருந்தினருக்குக் கொடுத்தாக வேண்டும். மூன்றாமவர் முகாமையாளர். அவருக்கு எல்லாவற்றிலிருந்தும் விலக்கு வேண்டும்.

"எல்லாருக்கும்" என்று போட்ட கட்டளையில் சிலரை மட்டும் எப்படி விடுவிப்பது என்பதை அந்த வாரம்தான் ஒழுங்காகக் கற்றேன். அதற்கு முன் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆளா, மேசையா?

ஒவ்வொரு பொலிசித் தொகுப்புக்கும் (நாங்கள் ஜி.பி.ஓ. என்போம்) இரண்டு பாதிகள் உண்டு. கொம்பியூட்டர் கொன்பிகரேஷன் என்ற பாதி இயந்திரத்தைப் பிடிக்கும். கணினி எழும்பும்போதே அது வந்து உட்கார்ந்துவிடும், பிறகு அந்த மேசையில் யார் உட்கார்ந்தாலும் ஒன்றுதான். யூசர் கொன்பிகரேஷன் என்ற பாதி ஆளைப் பிடிக்கும். அவர் எந்தக் கணினியில் புகுந்தாலும் அவர் பின்னாலேயே வரும்.

விலக்கு கொடுக்க உட்காரும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்தப் பொலிசி ஆளுடையதா, மேசையுடையதா? நான் அதைக் கேட்கவில்லை.

பென் டிரைவைத் தடுக்கும் பொலிசி இரண்டு பாதியிலும் இருக்கிறது. அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், அதற்குள் சிஸ்டம், அதற்குள் ரிமூவபிள் ஸ்டோரேஜ் அக்சஸ் என்று இரு பக்கமும் பாதை ஒன்றேதான். நான் முதலில் கண்ணில் பட்ட கொம்பியூட்டர் பாதியில் போட்டிருந்தேன். பிறகு அக்காவின் கணக்கை விலக்குப் பட்டியலில் சேர்த்தேன். வேலை செய்யவில்லை. அக்கா மூன்று முறை வெளியேறிப் புகுந்தார், பென் டிரைவ் திறக்கவில்லை. நான் டி.என்.எஸ். பார்த்தேன், இரண்டு சேர்வர்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தேன், குழுவை அழித்துத் திரும்பப் படைத்தேன். சம்பள நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. "தம்பி, நான் இதைக் கையாலேயே எழுதிவிடட்டுமா?" என்று அக்கா மிகவும் பணிவாகக் கேட்டார். அவர் ஏசியிருந்தால்கூட இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

கொம்பியூட்டர் பாதியில் உள்ள பொலிசியைப் பெறுவது கணினியின் கணக்கு, ஆளின் கணக்கு அல்ல. டொமைனில் ஒவ்வொரு கணினிக்கும் சொந்தமாக ஒரு கணக்கு இருக்கிறது. நான் விலக்கியது அக்காவை, பூட்டு இருந்தது அவருடைய மேசையில். ஆளை எத்தனை முறை விலக்கினாலும் மேசைக்கு அது கேட்காது.

அந்தப் பொலிசியைக் கொம்பியூட்டர் பாதியில் நொட் கொன்பிகர்ட் என்று மாற்றி, யூசர் பாதியில் போட்டு, கணினியை ஒரு முறை மறுதொடக்கம் செய்தேன். அதற்குப் பிறகு விலக்கு பிடித்தது.

ஒரு ஜி.பி.ஓ.வில் ஒரு காரியம்

இன்னொரு தவற்றையும் அதே வாரத்தில் திருத்தினேன். நான்கு கட்டளைகளையும் ஒரே ஜி.பி.ஓ.வில் அடைத்திருந்தேன். விலக்கு என்பது ஜி.பி.ஓ. முழுவதற்கும் பொருந்தும், அதற்குள் உள்ள ஒரு வரிக்கு மட்டும் பொருந்தாது. அக்காவைப் பென் டிரைவிலிருந்து விலக்கினால் கன்ட்ரோல் பனலும் அவருக்குத் திறந்துவிடும்.

ஆகவே நான்காகப் பிரித்தேன். பெயரைப் பார்த்தாலே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். "பொதுப் பொலிசி 2" என்று பெயர் வைப்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை, நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் வைத்தேன்.

டொமைன் அமைத்தவுடன் தானாக வரும் டிபோல்ட் டொமைன் பொலிசியில் இந்த வேலை எதையும் செய்யாதீர்கள். கடவுச்சொல் விதிகள் அங்கே இருக்கின்றன. அதில் ஏதாவது சேர்த்துவிட்டு, பிறகு அதிலிருந்து ஆளை விலக்கப் பார்ப்பது கிணற்றடியில் குளித்துக்கொண்டே கிணற்றைத் தூர் வாருவதைப் போன்றது.

விலக்கும் முறை

முதலில் ஒரு குழு வேண்டும். அக்டிவ் டைரக்டரி யூசர்ஸ் அன்ட் கொம்பியூட்டர்ஸ் என்ற கருவியைத் திறந்து, செக்யூரிட்டி வகையில், குளோபல் எல்லையில் ஒரு குழுவைப் படையுங்கள். எங்கள் குழுவின் பெயர் "விலக்கு-பென்டிரைவ்". அக்காவையும், படகு மேசையில் மாறிமாறி இருக்கும் இரண்டு தம்பிகளையும் அதில் சேர்த்தேன். ஒரே ஒருவருக்குத்தான் விலக்கு என்றாலும் குழுவையே படையுங்கள். ஆளின் பெயரை நேரடியாக ஜி.பி.ஓ.வில் எழுதினால், அவர் வேலையை விட்டுப் போன பிறகு அந்த வரி யாருக்கும் புரியாத நீண்ட எண்ணாக அங்கே கிடக்கும்.

பிறகு குரூப் பொலிசி மனேஜ்மென்ட் கருவியைத் திறந்து, இடப்பக்கத்தில் குரூப் பொலிசி ஒப்ஜெக்ட்ஸ் என்ற கோப்புறைக்குள் உங்கள் ஜி.பி.ஓ.வைச் சொடுக்குங்கள். வலப்பக்கத்தில் ஸ்கோப், டீடெயில்ஸ், செட்டிங்ஸ், டெலிகேஷன் என்று தாவல்கள் இருக்கும். எல்லாரும் ஸ்கோப்பில் தேடுவார்கள். நமக்கு வேண்டியது டெலிகேஷன். அதன் கீழ் வலது மூலையில் அட்வான்ஸ்ட் என்ற பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் கோப்புறைகளுக்கு அனுமதி கொடுக்கும் பெட்டியைப் போன்ற ஒன்று திறக்கும்.

அட் என்பதை அழுத்தி உங்கள் குழுவைச் சேருங்கள். பெயரைத் தெரிவுசெய்து, கீழே உள்ள அனுமதிப் பட்டியலை உருட்டுங்கள். நாம் தேடும் வரி அடியில் இருப்பதால் முதலில் தெரியாது. அதன் பெயர் அப்ளை குரூப் பொலிசி. அதற்கு நேரே டினை (மறுப்பு) என்ற கட்டத்தில் சரி அடையாளம் போடுங்கள். அந்த ஒரு கட்டம் மட்டும் போதும். ரீட் என்பதற்கு நேரே டினை போடாதீர்கள். போட்டால் விலக்கு வேலை செய்யும், ஆனால் பிறகு சோதிக்கும்போது எந்தப் பொலிசி ஏன் வரவில்லை என்று அறிக்கை சரியாகச் சொல்லாது. புல் கன்ட்ரோலுக்கு நேரே டினை போட்டு, அந்தக் குழுவில் தன்னையும் சேர்த்துவைத்திருந்த ஒருவரைத் தெரியும். தன் ஜி.பி.ஓ.வைத் தானே திறக்க முடியாமல் அவர் ஒரு நாள் முழுவதும் அலைந்தார்.

ஓகே கொடுத்ததும், அலவ் என்ற அனுமதியை டினை வெல்லும் என்று ஓர் எச்சரிக்கை வரும். நமக்கு வேண்டியதும் அதுதான், ஆம் என்று சொல்லுங்கள். ஓர் ஆள் பத்துக் குழுக்களில் அனுமதி பெற்றிருந்தாலும் ஒரு குழுவில் மறுப்பு இருந்தால் மறுப்பே நிற்கும். எனவே விலக்குக் குழுவுக்குள் தவறுதலாக டொமைன் யூசர்ஸ் போன்ற பெரிய குழு எதையும் போட்டுவிடாதீர்கள். போட்டால் பூட்டு எல்லாருக்கும் கழன்றுவிடும், யாரும் முறைப்பாடு செய்யவும் மாட்டார்கள். உங்களுக்குத் தெரிய வருவது அடுத்த வைரஸ் வரும்போதுதான்.

ஜி.பி.ஓ.வின் இணைப்பில் என்போர்ஸ்ட் என்று போட்டிருந்தால் இந்த மறுப்பு செல்லுமா என்று ஒருவர் கேட்டார். செல்லும். கீழுள்ள அமைப்பு எதுவும் அந்தப் பொலிசியைத் தடுக்கவோ மேலெழுதவோ கூடாது என்பதே என்போர்ஸ்டின் பொருள். யாருக்கு அது பொருந்தும் என்ற கணக்கில் அது தலையிடுவதில்லை.

இந்த முறையில் ஒரு குறை உண்டு. டினை போட்டது ஸ்கோப் தாவலில் தெரியவே தெரியாது. அங்கே ஒதென்டிகேட்டட் யூசர்ஸ் (டொமைனில் புகும் ஆட்கள், கணினிகள் எல்லாம் அடங்கும் குழு) என்று மட்டும் இருக்கும், பார்ப்பவர் எல்லாருக்கும் போகிறது என்றே நினைப்பார். டெலிகேஷன் தாவலில்கூடக் குழுவின் பெயருக்கு நேரே கஸ்டம் என்ற ஒரு சொல்தான் நிற்கும். நாளை எனக்குப் பதிலாக வருபவர் பாவம் அல்லவா? அதனால் ஜி.பி.ஓ.வை எடிட் செய்யத் திறந்து, இடப்பக்க உச்சியில் உள்ள பெயரில் வலச்சொடுக்கி, ப்ரொப்பர்ட்டீஸ், அதில் கொமென்ட் என்று போய், யாரை, ஏன், எந்தத் தேதியிலிருந்து விலக்கினேன் என்று இரண்டு வரி எழுதிவைக்கிறேன்.

பிடித்ததா என்று பார்ப்பது

குழுவில் சேர்த்த உடனே ஆளிடம் "இப்போது போட்டுப் பாருங்கள்" என்று சொல்லாதீர்கள். ஒருவர் எந்தெந்தக் குழுவில் இருக்கிறார் என்ற விவரம் அவர் உள்ளே புகும் நேரத்தில் எழுதப்படும் சீட்டில்தான் இருக்கிறது. பஸ்ஸில் ஏறிய பிறகு டிக்கெட்டின் விலை மாறினால் கையில் உள்ள சீட்டு மாறாது அல்லவா, அப்படித்தான். அவர் லொக் ஓப் செய்து மீண்டும் லொக் ஒன் செய்ய வேண்டும். திரையைப் பூட்டித் திறப்பது போதாது.

பொலிசிகள் தாமாகவே 90 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும், அதோடு 30 நிமிடம் வரை ஒரு தாமதமும் சேரும். எல்லாக் கணினிகளும் ஒரே நொடியில் சேர்வரின் கதவைத் தட்டாமல் இருக்கவே அந்தத் தாமதம். காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ஜி, பி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளோடு அப்டேட் என்ற சொல்லை ஒட்டித் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடும் போர்ஸ் என்ற சொல்லும் தட்டுங்கள்.

சோதிக்கும் கட்டளையும் அதே ஜி, பியில் தொடங்கும், ஒட்டும் சொல் ரிசல்ட். இடைவெளி விட்டுச் சாய்கோடு, ஆர். வரும் நீண்ட அறிக்கையில் யூசர் செட்டிங்ஸ் என்ற பகுதிக்கு இறங்குங்கள். வந்து சேர்ந்த ஜி.பி.ஓ.க்கள் ஒரு பட்டியலிலும், வடிகட்டித் தள்ளப்பட்டவை அதற்குக் கீழே இன்னொரு பட்டியலிலும் இருக்கும். உங்கள் ஜி.பி.ஓ. இரண்டாவது பட்டியலில், டினைட் என்றும் அடைப்புக்குள் செக்யூரிட்டி என்றும் போட்டு நிற்க வேண்டும். அந்த வரியைப் பார்த்த பிறகுதான் நான் ஆளைக் கூப்பிடுவேன்.

இந்தக் கட்டளையை அந்த ஆளின் கணக்கில் இருந்தே ஓட்டுங்கள். நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கொடுத்துத் திறந்த சாளரத்தில் ஓட்டினால் வருவது உங்கள் ஜாதகம், அவருடையது அல்ல. எனக்கு இது தெரியாமல் போன நேரங்களைக் கணக்குப் பார்த்தால் ஒரு சம்பள மாதம் தேறும்.

மேசையை விலக்குவது

திரைப் பூட்டை நான் வேண்டுமென்றே மேசைப் பக்கம் வைத்தேன். செக்யூரிட்டி ஒப்ஷன்ஸ் என்ற பகுதியில் மெஷின் இனக்டிவிட்டி லிமிட் என்று ஒன்று உண்டு. அது வினாடியில் கேட்கும், நான் 600 போட்டேன். அது கொம்பியூட்டர் பாதி. யாராவது என்னிடம் வந்து "எனக்கு மட்டும் பூட்டாமல் விடுங்கள்" என்று கேட்டால், "அது உங்களுக்குப் போட்டதல்ல, மேசைக்குப் போட்டது" என்று உண்மையாகவே சொல்லலாம்.

ஆனால் வரவேற்பு மண்டபத்தில் ஒரு பெரிய திரை இருக்கிறது. காலையில் புறாத்தீவுக்குப் போகும் படகுகளின் நேரமும், கடல் நிலவரமும் அதில் ஓடும். அதைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை யார் தொடுவது? அந்த ஒரு கணினியை விலக்க வேண்டியிருந்தது.

முறை முன்பு சொன்னதேதான், குழுவுக்குள் ஆளுக்குப் பதில் கணினியைச் சேர்க்க வேண்டும். சேர்க்கும் பெட்டியில் கணினியின் பெயரைத் தட்டினால் அப்படி ஒன்று இல்லை என்று சொல்லும். பதற வேண்டாம். அதே பெட்டியில் ஒப்ஜெக்ட் டைப்ஸ் என்ற பொத்தானை அழுத்திக் கொம்பியூட்டர்ஸ் என்ற கட்டத்தில் சரி அடையாளம் போடுங்கள். முதலில் அது வெறுமையாகவே இருக்கும், ஏன் அப்படி வைத்தார்கள் என்று இன்றுவரை எனக்கு எரிச்சல். சேர்த்த பிறகு அந்தக் கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். ஆள் லொக் ஓப் செய்து வருவது எப்படியோ, கணினிக்கு மறுதொடக்கம் அப்படி.

ஆள் விலக்கில் ஒரு பக்கவிளைவும் உண்டு. அக்காவின் திறப்பு அவரோடு எங்கும் போகும். அவர் முன்மேசைக் கணினியில் புகுந்தாலும் அங்கே பென் டிரைவ் திறக்கும். அது வேண்டாமென்றால் அவருடைய கணக்கின் ப்ரொப்பர்ட்டீஸில் அக்கவுன்ட் தாவலுக்குப் போய், லொக் ஒன் டு என்ற பொத்தானில் அவர் புகக்கூடிய கணினிகளை எழுதிவிடலாம். நான் அப்படித்தான் செய்தேன். அக்காவும் அதைத்தான் விரும்பினார், இரவில் யாராவது தன் பெயரில் எங்காவது புகுந்தால் என்ற பயம் அவருக்கு.

நான் கைவிட்ட வழிகள்

மறுப்புப் போடாமலே விலக்கலாம் என்று பலரும் சொல்வார்கள்: ஸ்கோப் தாவலில் ஒதென்டிகேட்டட் யூசர்ஸை நீக்கிவிட்டு, பொலிசி வேண்டியவர்களின் குழுவை மட்டும் சேர்த்தால் மற்றவர்களுக்குப் போகாது. சரிதான். முன்பு வேறொரு கந்தோரில் இருந்தபோது நானும் அதைத்தான் செய்திருந்தேன். 2016 ஜூன் 14 அன்று மைக்ரோசொப்ட் எம்.எஸ். 16-072 என்ற பாதுகாப்புத் திருத்தத்தை வெளியிட்டது. அதுவரை ஆளுக்குரிய பொலிசிகளைச் சேர்வரிலிருந்து எடுத்துவந்தது ஆளின் கணக்கு. நடுவழியில் யாரும் புகுந்து பொலிசியை மாற்றிவிடக் கூடாது என்பதற்காக, அன்றிலிருந்து அவற்றைக் கணினியின் கணக்கே எடுத்துவருகிறது. எனது ஜி.பி.ஓ.க்களிலோ கணினிகளுக்குப் படிக்கும் அனுமதியே இல்லை, ஏனென்றால் அந்த அனுமதி ஒதென்டிகேட்டட் யூசர்ஸ் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. திருத்தம் ஏறிய காலையில் பொதுக் கோப்புறைகளைக் காட்டும் டிரைவ் எழுத்துகள் எல்லார் கணினியிலும் காணாமல் போயின.

அந்த வழியை விரும்புபவர்கள் டெலிகேஷன் தாவலில் டொமைன் கொம்பியூட்டர்ஸ் குழுவுக்கு ரீட் அனுமதியை மட்டும் கொடுத்துவையுங்கள். நீண்ட பட்டியலில் சிலருக்கு மட்டுமே பொலிசி வேண்டும் என்ற நிலையில் அது நல்ல வழிதான். எல்லாருக்கும் வேண்டும், சிலருக்கு மட்டும் வேண்டாம் என்றால் மறுப்பே சுருக்கமானது, ஒதென்டிகேட்டட் யூசர்ஸையும் தொட வேண்டியதில்லை.

விலக்க வேண்டியவர்களைத் தனி ஓ.யூ.வுக்குள் (டொமைனில் கணக்குகளைப் பிரித்துவைக்கும் பிரிவு) தள்ளி, அதில் ப்ளொக் இன்ஹெரிட்டன்ஸ் போடுவது இன்னொரு வழி. கோடாரியால் நகம் வெட்டுவது என்று இதைச் சொல்வேன். ஒரு பென் டிரைவுக்காக மேலிருந்து வரும் எல்லாப் பொலிசிகளும் நின்றுவிடும். என்போர்ஸ்ட் போட்டவை மட்டும் புகுந்து வரும்.

விதிவிலக்குக்குள் விதிவிலக்குகள்

வரவேற்பு மண்டப மூலையில் விருந்தினர்கள் விமானச் சீட்டு அச்சிடும் கணினி ஒன்று இருக்கிறது. அதில் லூப்பேக் என்ற அமைப்பைப் போட்டிருக்கிறேன். அந்தக் கணினியில் யார் புகுந்தாலும் அவருடைய சொந்த யூசர் பொலிசிகளுக்குப் பதிலாக அந்த மேசைக்கென்று வைத்த யூசர் பொலிசிகளே வரும். படகு மேசைத் தம்பி ஒருநாள் அங்கே புகுந்து, தனது விலக்கு போய்விட்டது என்று வந்தார். போகவில்லை. அங்கே பென் டிரைவைத் தடுப்பது வேறு ஜி.பி.ஓ., அதில் அவருடைய குழுவுக்கு மறுப்புப் போடவில்லை. விலக்கு ஒவ்வொரு ஜி.பி.ஓ.விலும் தனித்தனியாகப் போடப்பட வேண்டியது. அங்கே போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

கோப்புறை எழுத்து, பிரிண்டர், குறுக்குவழி போன்றவற்றை ப்ரிபரன்சஸ் பகுதியில் கொடுத்திருந்தால், அங்கே ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக விலக்கு வைக்கலாம். வரியின் ப்ரொப்பர்ட்டீஸில் கொமன் தாவல், அதில் ஐட்டம் லெவல் டார்கெட்டிங். நியூ ஐட்டத்தில் செக்யூரிட்டி குரூப்பைத் தெரிவுசெய்து குழுவைக் கொடுத்து, ஐட்டம் ஒப்ஷன்ஸில் இஸ் நொட் என்று மாற்றுங்கள். ஆனால் ஏற்கெனவே வந்து ஒட்டிய பிரிண்டர் இதனால் போகாது. பொலிசி நீங்கினாலும் ப்ரிபரன்ஸ் கறையைப் போல நிற்கும். அது போக வேண்டுமென்றால் அதே தாவலில், இனிமேல் பொருந்தாதபோது நீக்கிவிடு என்ற பொருளுள்ள கட்டத்தையும் குறியுங்கள்.

கடவுச்சொல் விதிக்கு மேலே சொன்ன எதுவும் செல்லாது. எத்தனை எழுத்து, எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது என்பதை டொமைன் மட்டத்தில் போட்டால் அது டொமைன் கணக்குகள் எல்லாவற்றுக்கும்தான். ஒருவருக்கு வேறு விதி வேண்டுமென்றால், வின்டோஸ் சேர்வர் 2008 முதல் பைன் கிரெயின்ட் பாஸ்வேர்ட் பொலிசி என்ற தனி ஏற்பாடு இருக்கிறது. அக்டிவ் டைரக்டரி அட்மினிஸ்ட்ரேட்டிவ் சென்டரில், சிஸ்டம் என்ற பகுதிக்குள் பாஸ்வேர்ட் செட்டிங்ஸ் கன்டெய்னரில் புதிதாக ஒன்றைப் படைத்து, ஆளுக்கோ குளோபல் குழுவுக்கோ கொடுக்கலாம். ஒருவருக்கு இரண்டு விதிகள் வந்தால் சிறிய முன்னுரிமை எண் உள்ளது வெல்லும். இதை நான் கடவுச்சொல்லைத் தளர்த்தப் பயன்படுத்துவதில்லை, நிர்வாகிக் கணக்குகளுக்கு இன்னும் இறுக்கவே பயன்படுத்துகிறேன்.

டொமைனே இல்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. உவர்மலையில் டியூட்டரி நடத்தும் என் நண்பரிடம் ஐந்து கணினிகள், எல்லாம் வின்டோஸ் ப்ரோ. மாணவர்களுக்குக் கன்ட்ரோல் பனலைப் பூட்டப் போய்த் தனக்கும் பூட்டிக்கொண்டார். அவருக்குச் செய்து கொடுத்தது இது: ரன் பெட்டியில் எம்.எம்.சி. என்று தட்டி, பைல் பட்டியலில் ஸ்னப்-இன் சேர்க்கும் வரியை அழுத்தி, குரூப் பொலிசி ஒப்ஜெக்ட் எடிட்டரைத் தெரிவுசெய்து, பிரவுஸ் கொடுத்து, யூசர்ஸ் தாவலில் நொன்-அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் என்பதை எடுக்க வேண்டும். அங்கே போடும் பொலிசி நிர்வாகிக் கணக்கைத் தொடாது. யூசர் பாதி மட்டும்தான் அதில் வரும். வின்டோஸ் விஸ்டாவிலிருந்து இந்த வசதி இருக்கிறது. ஹோம் பதிப்பில் இந்த எடிட்டர் கிடையாது.

முகாமையாளரும் கொப்பியும்

முகாமையாளர் கேட்ட விலக்குக்கு வருகிறேன். நான்கையும் பிரித்து வைத்திருந்ததால் பேரம் பேச முடிந்தது. திரையில் தன் பேரப்பிள்ளையின் படம் வைக்கத்தான் அவருக்கு உண்மையான ஆசை. "சேர், அதற்கு மட்டும் விலக்கு தருகிறேன். ஆனால் திரை பூட்டாமல் நீங்கள் சாப்பிடப் போனால், அறையைத் துப்புரவு செய்ய வருபவருக்கும் எல்லாருடைய சம்பளமும் தெரிந்துவிடும்" என்றேன். சிறிது நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார். அவர் பெயர் "விலக்கு-திரைப்படம்" என்ற குழுவில் தனியாக இருக்கிறது. பெயரைப் பார்த்துச் சினிமா சம்பந்தம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

என் சொந்தக் கணக்கை எந்த விலக்குக் குழுவிலும் சேர்க்கவில்லை. டொமைன் அட்மின்ஸ் குழுவில் இருப்பதால் பொலிசி நம்மைத் தொடாது என்று பலர் நினைக்கிறார்கள். நிர்வாகியும் ஒதென்டிகேட்டட் யூசர்ஸில் அடக்கம்தான், எல்லாப் பொலிசியும் நமக்கும் வரும். அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கும், சேர்வரைத் தொடும்போது மட்டும் நிர்வாகிக் கணக்கும் வைத்திருக்கிறேன். பென் டிரைவ் எனக்கும் திறக்காது. முறைப்பாடு வந்தால் அந்த ஆளின் வலி முதலில் எனக்குத் தெரிகிறது.

விலக்குகளை ஒரு கொப்பியில் எழுதுகிறேன். கணினியில் அல்ல, கையால். பெயர், குழு, காரணம், முடியும் நாள். முடியும் நாள் இல்லாமல் எந்த வரியும் எழுதுவதில்லை. அக்காவின் வரியில் "கைரேகை இயந்திரம் வலையமைப்பில் சேரும்வரை" என்று இருக்கிறது, அது எப்போது சேரும் என்று இயந்திரத்தை விற்றவருக்கே வெளிச்சம். படகு மேசைத் தம்பிகளின் வரியில் "ஒக்டோபர் கடைசி" என்று எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகு வாடை தொடங்கிவிடும், புறாத்தீவுக்குப் படகு போகாது, படங்களும் வராது. போன வருடம் அந்த நாளில் இருவரையும் குழுவிலிருந்து எடுத்துவிட்டு, வரியைப் பென்சிலால் அடித்துவிட்டு, ஒரு முறை லொக் ஓப் செய்து வரும்படி தொலைபேசியில் சொன்னேன். பெரிய தம்பி, "அண்ணா, கடைசியாக ஒரு கார்ட் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு வெளியேறட்டுமா?" என்று கேட்டார். திமிங்கிலத்தின் வால் ஒன்று பாதி தெரியும் படமாம். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன், சீட்டு கிழியாதவரை பயணம் செய்யலாம் அல்லவா.